கன்ட்ரோலருக்குள் ஒரு கை

மேசை மேல் இரண்டு கன்ட்ரோலர்கள் கிடக்கின்றன. ஒன்று பிளேஸ்டேஷன் 5-உடன் வரும் டுவல்சென்ஸ். இன்னொன்று எக்ஸ்பாக்ஸுடையது. எடை ஏறக்குறைய ஒன்றுதான், இரண்டும் 300 கிராமுக்குள் அடங்கிவிடும். பட்டன்களின் எண்ணிக்கையிலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் கேம் ஆடுகிற நாலு பேர் கூடிவிட்டால் போதும், இந்த இரண்டில் எது கைக்கு வசதி என்ற சண்டை ஆரம்பித்துவிடும். ஒருவர் டுவல்சென்ஸின் டிரிக்கர் விரலை எதிர்த்துத் தள்ளுவதைப் பற்றிப் பேசுவார். இன்னொருவர் எக்ஸ்பாக்ஸ்காரன் இன்னும் டபுள் ஏ பேட்டரி போட்டுக் கொடுப்பதைக் கிண்டல் செய்வார். கடைசியில் சண்டை ஒரே இடத்தில் வந்து நிற்கும். இடது பக்கத்து ஸ்டிக் எங்கே இருக்க வேண்டும்? சோனி அதைக் கீழே, நடுவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறது. மைக்ரோசாஃப்ட் மேலே வைத்திருக்கிறது. "மேல இருந்தாத்தான் கை இயல்பா இருக்கு" என்று ஒரு கட்சி. "ரெண்டும் ஒரே மட்டத்துல இருந்தாத்தான் அழகு" என்று மறு கட்சி.

இந்தச் சண்டைக்குத் தீர்ப்பு சொல்ல இதை எழுதவில்லை. ஸ்டிக் ஏன் அங்கே இருக்கிறது என்று தேடிப் போனபோதுதான் எனக்கு வேறொன்று பிடிபட்டது. ஒவ்வொரு கன்ட்ரோலருக்குள்ளும் ஒரு கை இருக்கிறது. அதை வடிவமைத்தவர் மனதில் வைத்திருந்த கற்பனைக் கை. அந்தக் கைக்கு ஓர் அளவு உண்டு, ஒரு வயது உண்டு, வலதா இடதா என்பதும் உண்டு. உங்கள் கை அந்தக் கையோடு ஒத்துப்போனால் அதற்குப் பெயர் வசதி. ஒத்துப்போகவில்லையென்றால் வலி. கன்ட்ரோலர்களின் அறுபது ஆண்டு வரலாறு என்பது அந்தக் கற்பனைக் கை கொஞ்சம் கொஞ்சமாக மாறிவந்த கதைதான்.

முழங்கை வலி

1958 அக்டோபர். அமெரிக்காவின் ப்ரூக்ஹேவன் தேசிய ஆய்வுக்கூடத்தில் பொதுமக்கள் வந்து பார்க்கும் நாள். வருகிறவர்கள் சுவரில் மாட்டிய படங்களைப் பார்த்துக் கொட்டாவி விடக் கூடாதே என்று வில்லியம் ஹிகின்போதம் என்ற இயற்பியலாளர் ஒரு விளையாட்டைத் தயாரித்தார். ஐந்து அங்குல ஆசிலாஸ்கோப் திரையில் ஒரு கோடு, நடுவில் சிறிய வலை, அங்குமிங்கும் துள்ளும் ஓர் ஒளிப்புள்ளி. டென்னிஸ். ஆடுகிற இருவர் கையிலும் ஆளுக்கொரு அலுமினியப் பெட்டி. அதில் பந்தின் கோணத்தை மாற்ற ஒரு குமிழ், அடிக்க ஒரு பட்டன். அவ்வளவுதான். மக்கள் வரிசையில் நின்று ஆடினார்கள். அந்தப் பெட்டி கைக்கு எப்படியிருக்கிறது என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இரண்டு நிமிட ஆட்டத்துக்கு எந்தப் பெட்டியும் வசதியானதுதான்.

மணிக்கணக்கில் ஆடுகிறவர்கள் வந்த பிறகுதான் வலி வந்தது. 1962-இல் எம்.ஐ.டி.யில் ஸ்டீவ் ரஸ்ஸலும் நண்பர்களும் பிடிபி-1 என்ற கணினியில் 'ஸ்பேஸ்வார்' விளையாட்டை எழுதினார்கள். இரண்டு விண்கலங்கள், நடுவில் இழுக்கும் ஒரு நட்சத்திரம், ஒருவரையொருவர் சுட்டு வீழ்த்த வேண்டும். முதலில் அதை ஆடியது கணினியின் முன்பலகையில் இருந்த ஸ்விட்சுகளை வைத்து. அந்த ஸ்விட்சுகள் கணினிக்கு எண்களைக் கொடுப்பதற்காக இருந்தவை, ஆடுவதற்காக அல்ல. கையைத் தூக்கியபடி அவற்றைத் தட்டித் தட்டி முழங்கை நோக ஆரம்பித்தது. திரை ஒரு பக்கமாக இருந்ததால் ஒருவருக்குப் பார்ப்பது எளிது, மற்றவருக்குக் கஷ்டம். கை தவறிப் பக்கத்து ஸ்விட்சைத் தட்டிவிட்டால் ஆட்டமே காலி.

ஆலன் கோடாக், பாப் சாண்டர்ஸ் என்ற இருவர் இதற்கு வழி கண்டுபிடித்தார்கள். இவர்கள் எம்.ஐ.டி.யின் மாதிரி ரயில் மன்றத்துக்காரர்கள். பொம்மை ரயிலுக்காக வாங்கிப் போட்டிருந்த சாமான்களில் துழாவி, மரமும் ஸ்விட்சுமாக இரண்டு பெட்டிகள் செய்தார்கள். ஒரு கைப்பிடி இடம் வலமாகத் திருப்ப, இன்னொன்று முன்னே பாய. சுடுவதற்கு ஒரு பட்டன். அந்தப் பட்டனை அழுத்தினால் சத்தம் வராதபடி பார்த்துக்கொண்டார்கள். சத்தம் வந்தால் பக்கத்தில் இருப்பவன் உஷாராகிவிடுவான் இல்லையா? கையில் பிடித்து ஆடும் கருவியை யோசித்துச் செய்த முதல் ஆட்களில் இவர்கள் உண்டு. அந்த யோசனைக்குப் பின்னால் இருந்தது ஆராய்ச்சி அல்ல, முழங்கை வலி.

சோத்துக்கையின் காலம்

1977-இல் அடாரி நிறுவனம் வீட்டுக்கான கன்சோலை விற்க ஆரம்பித்தது. பிற்பாடு 2600 என்று பெயர் பெற்றது. அதோடு வந்த ஜாய்ஸ்டிக்கைப் பழைய ஆங்கிலப் படங்களிலாவது பார்த்திருப்பீர்கள். கருப்பாக ஒரு சதுர அடிப்பாகம், நடுவில் நிமிர்ந்து நிற்கும் தடி, இடது மேல் மூலையில் ஒரே ஒரு சிவப்புப் பட்டன். பிடிக்கும் முறை இதுதான்: இடது கை அடிப்பாகத்தை ஏந்திக்கொள்ளும், இடது கட்டைவிரல் பட்டன் மேல் இருக்கும். வலது கை தடியைக் கைமுட்டியால் பற்றித் திருப்பும்.

அதாவது திசை என்ற பெரிய வேலை வலது கைக்கு. சுடு என்ற சின்ன வேலை இடது கைக்கு. பெட்டியைத் திருப்பிப் பிடித்து இடது கையால் ஆடலாமே என்றால் முடியாது. பெட்டியைத் திருப்பினால் மேலே என்பது பக்கவாட்டாக மாறிவிடும். அந்தப் பெட்டிக்குள் இருந்த கற்பனைக் கை வலது கை. இடது கைக்காரர்கள் அனுசரித்துக்கொள்ள வேண்டியதுதான்.

அடுத்து வந்தவர்கள் அடாரியை ஜெயிக்க நினைத்து அம்சங்களைக் கூட்டினார்கள். மேட்டெல் நிறுவனத்தின் இன்டெலிவிஷன் கன்ட்ரோலரில் தொலைபேசி மாதிரி பன்னிரண்டு பட்டன், கீழே பதினாறு திசைக்குத் திரும்பும் ஒரு வட்டத் தட்டு, இரண்டு பக்கவாட்டிலும் சுடும் பட்டன்கள். விளம்பரத்தில் பார்க்க அருமை. பிடித்து ஆடினால் பக்கவாட்டுப் பட்டனை அமுக்கிக்கொண்டே தட்டைச் சுழற்ற வேண்டும், விரல்கள் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். 1982-இல் அடாரியே கொண்டுவந்த 5200-இன் ஜாய்ஸ்டிக் இன்னும் மோசம். விட்டால் நடுவுக்குத் திரும்பி வராது. நீங்கள் விட்ட இடத்திலேயே சாய்ந்து கிடக்கும். திரையில் உங்கள் ஆள் நிற்கச் சொன்னாலும் நிற்காமல் போய்க்கொண்டே இருப்பான். அம்சங்களின் பட்டியல் நீண்டால் வசதி தானாக வந்துவிடாது என்பது அப்போதே தெரிந்துவிட்ட விஷயம். இன்றைக்கும் கன்ட்ரோலர் விளம்பரங்களைப் படிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

சிலுவை

ஜப்பானில் குன்பெய் யோகோய் என்பவர் 1965-இல் நின்டெண்டோவில் வேலைக்குச் சேர்ந்தார். அன்றைக்கு அது சீட்டுக்கட்டு தயாரிக்கும் நிறுவனம். இவருக்கு வேலை, சீட்டு அச்சடிக்கும் இயந்திரங்களைப் பராமரிப்பது. பிறகு பொம்மைகள் செய்யும் பக்கம் வந்தார். புல்லட் ரயிலில் அலுவலகம் போகிற ஒரு மனிதர் பொழுது போகாமல் கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்ததில்தான் அவருக்கு 'கேம் அண்ட் வாட்ச்' யோசனை வந்ததாகச் சொல்வார்கள். கால்குலேட்டருக்கான மலிவான திரையை வைத்துக் கையடக்க விளையாட்டு. முதலாவது 1980-இல் வந்தது. புதுத் தொழில்நுட்பத்தைத் துரத்தாமல், பழகிப்போன மலிவான ஒன்றைப் புது இடத்தில் வைத்துப் பார்ப்பதுதான் அவர் பாணி.

1982-இல் 'டாங்கி காங்'கை அந்தக் கையடக்கக் கருவிக்குள் கொண்டுவரும்போது சிக்கல் வந்தது. ஏணி ஏற வேண்டும், இறங்க வேண்டும், இடமும் வலமும் ஓட வேண்டும். நாலு திசை. கருவியோ புத்தகம் மாதிரி மூடுவது. தடி வைத்தால் மூட முடியாது. நாலு தனிப் பட்டன் வைத்தால் கட்டைவிரல் எது எது என்று தேட, கண் திரையை விட்டுக் கீழே போகும். யோகோய் கொண்டுவந்தது ஒரே துண்டு பிளாஸ்டிக்கால் ஆன கூட்டல் குறி. நடுவில் ஒரு முனையில் அது ஆடும். ஒரு பக்கம் அழுத்தினால் எதிர்ப்பக்கம் எழும். அதனால் ஒரே நேரத்தில் இடதும் வலதும் அழுந்தாது. விரலைத் தூக்காமலேயே ஒரு திசையிலிருந்து இன்னொரு திசைக்கு உருட்டலாம். குறியின் விளிம்பு விரலுக்குத் தட்டுப்படுவதால் பார்க்கவே தேவையில்லை. கட்டைவிரலின் நுனிக்குக் கண் வைத்துவிட்ட மாதிரி.

அடுத்த ஆண்டு, 1983-இல், மசாயுகி உவேமுராவின் குழு ஃபேமிகாம் கன்சோலைக் கொண்டுவந்தது. அவர்களும் முதலில் ஜாய்ஸ்டிக் பற்றித்தான் யோசித்தார்கள். ஆனால் ஜப்பானிய வீடுகளில் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து ஆடுவார்கள், எழுந்து ஓடும்போது தடியை மிதித்து உடைத்துவிடுவார்களே என்ற கவலை வந்தது. அதனால் கேம் அண்ட் வாட்சின் கூட்டல் குறியையே எடுத்து ஒட்டிப் பார்த்தார்கள். கைக்கு உறுத்தவில்லை. உலகம் முழுக்கப் பரவிய வடிவம் தரையில் உட்காரும் ஒரு வீட்டை மனதில் வைத்து முடிவானது என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். நம் வீடுகளுக்கும் அது பொருந்தியதில் ஆச்சரியமில்லை.

கவனித்துப் பாருங்கள், இதில் இன்னொரு மாற்றமும் நடந்திருக்கிறது. திசை இப்போது இடது கைக்கு வந்துவிட்டது. வலது கட்டைவிரலுக்கு ஏ, பி என்று இரண்டு பட்டன். அடாரியில் இருந்ததற்கு நேர் எதிர். ஆர்கேட் கடைகளில் இருந்த பெரிய இயந்திரங்களில் முன்பே இப்படி வர ஆரம்பித்திருந்தது என்றாலும், வீட்டுக்குள் இதை நிலைக்க வைத்தது ஃபேமிகாம்தான். என் ஊகம் இது: ஆட்டத்தின் கடினமான பகுதி எதுவோ, அதைப் பெரும்பாலானோரின் பலமான கைக்குக் கொடுக்கிறார்கள். பழைய ஆட்டங்களில் வழி தேடி ஓடுவதுதான் கடினம். 'சூப்பர் மாரியோ' மாதிரியான ஆட்டங்களில் எந்த நொடியில் குதிப்பது, எவ்வளவு நேரம் அழுத்தி வைத்திருப்பது என்பதுதான் கடினம். அதனால் குதிப்பது வலது கைக்குப் போனது, நடப்பது இடது கைக்கு வந்தது.

பீச்சாங்கை

இங்கே என்னைப் பற்றி இரண்டு வரி சொல்ல வேண்டும். நான் பீச்சாங்கைக்காரன். பென்சிலை இடது கையில் எடுத்தால் பிடுங்கி வலது கையில் வைப்பார்கள். கடைக்காரரிடம் இடது கையால் காசை நீட்டினால் "சோத்துக் கையில குடு" என்று அதட்டு விழும். பந்தியில் கேட்கவே வேண்டாம். இடது கை என்பது செய்யக் கூடாதவற்றைச் செய்யும் கை.

தொண்ணூறுகளில் எங்கள் தெருவுக்கு 'டிவி கேம்' வந்தது. அது அச்சு அசல் ஃபேமிகாமின் நகல், அனுமதியில்லாமல் செய்து விற்றது என்பதெல்லாம் அப்போது தெரியாது. கேட்ரிட்ஜை நாங்கள் கேசட் என்போம். '9999 இன் 1' என்று போட்டிருக்கும். போட்டுப் பார்த்தால் பத்துப் பதினைந்து ஆட்டம்தான் பெயர் மாறி மாறி வரும். கன்ட்ரோலர் காற்று மாதிரி இலேசாக இருக்கும். பட்டனுக்கு அடியில் இருக்கும் ரப்பர் தேய்ந்து வேலை செய்யாமல் போனால், திருப்புளியால் கழற்றி, பள்ளிக்கூட அழிரப்பரால் உள்ளே இருக்கும் கருப்புப் புள்ளிகளைத் துடைத்து மாட்டுவோம். பாதி நேரம் சரியாகிவிடும்.

அந்தக் கன்ட்ரோலரைப் பிடித்தபோதுதான் முதல்முறையாக ஒரு பொருள் என் இடது கையிடம் முக்கியமான வேலையைக் கொடுத்தது. தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் இடது கட்டைவிரலால்தான் நடந்தார்கள், ஓடினார்கள், குழாய்க்குள் இறங்கினார்கள். யாரும் யாரையும் அதட்டவில்லை. இடது கைக்காரர்களுக்காக யாரும் அதைச் செய்யவில்லை என்று இன்றைக்குத் தெரியும். இன்னும் சொன்னால், கடினமான வேலையை வலது கைக்கு ஒதுக்கியதில் மிஞ்சியதுதான் எனக்குக் கிடைத்தது. இருந்தாலும் கிடைத்தது. ஒரு பொருளின் வடிவம் யாரைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது, யாரை விட்டுவிடுகிறது என்பதை அதற்குப் பிறகு என்னால் கவனிக்காமல் இருக்க முடிந்ததில்லை.

செங்கல், கொப்புளம், கையுறை

அமெரிக்காவில் 1985-இல் வந்த என்.இ.எஸ். கன்ட்ரோலர் ஒரு குட்டிச் செங்கல். நேர்கோடுகள், கூரான மூலைகள். அரை மணி நேரம் ஆடினால் மூலை உள்ளங்கையில் பதிந்துவிடும். கற்பனைக் கை இங்கே ஒரு சிறுவனின் கை. சிறுவர்களுக்கு எங்கே வலிக்கப்போகிறது என்ற நினைப்பு. ஆனால் ஆடியது சிறுவர்கள் மட்டுமில்லை. 1990-இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' என்ற மருத்துவ இதழில் ஒரு மருத்துவரின் கடிதம் வெளியானது. வலது கட்டைவிரலில் கடும் வலியோடு வந்த ஒரு நோயாளியைப் பற்றியது. விசாரித்தால் ஐந்து மணி நேரம் இடைவிடாமல் நின்டெண்டோ ஆடியிருக்கிறார். அவர் 35 வயதுப் பெண்மணி. கட்டைவிரலின் தசைநாண் பாதித்திருந்தது. மருத்துவர் அதற்கு 'நின்டெண்டினைடிஸ்' என்று பெயர் வைத்தார்.

அதே ஆண்டு ஜப்பானில் வெளிவந்த சூப்பர் ஃபேமிகாமின் கன்ட்ரோலர் மூலைகளைத் தொலைத்துவிட்டு இரண்டு ஓரமும் உருண்டு வந்தது. அதைவிடப் பெரிய மாற்றம் மேல் விளிம்பில் நடந்தது. எல், ஆர் என்ற இரண்டு பட்டன்கள். அதுவரை சும்மா பின்னால் கிடந்து கன்ட்ரோலரைத் தாங்கிக்கொண்டிருந்த ஆள்காட்டி விரல்களுக்கு முதல் முறையாக வேலை கிடைத்தது. அமெரிக்கப் பதிப்பில் இன்னொரு நுணுக்கம் சேர்ந்தது. ஏ, பி பட்டன்கள் மேடாகவும், எக்ஸ், ஒய் பட்டன்கள் குழிவாகவும் இருக்கும். விரல் தடவினாலே எது என்று தெரிந்துவிடும். பட்டன்களைக் கூட்டியபோதும் விரலைக் குழப்பவில்லை.

ஆனால் அதே நிறுவனம் 1996-இல் நின்டெண்டோ 64-உடன் மூன்று கைப்பிடி கொண்ட கன்ட்ரோலரைத் தந்தது. மனிதனுக்கோ இரண்டு கை! பழைய மாதிரி ஆட்டம் என்றால் ஓரக் கைப்பிடிகளைப் பிடி, புது மாதிரி முப்பரிமாண ஆட்டம் என்றால் நடுவைப் பிடி என்பது கணக்கு. நடுக் கைப்பிடியின் மேல் ஒரு சிறிய அனலாக் ஸ்டிக். எவ்வளவு சாய்க்கிறோமோ அவ்வளவு வேகம். மெல்லச் சாய்த்தால் மாரியோ பூனை மாதிரி நடப்பான், முழுக்கச் சாய்த்தால் ஓடுவான். அது பெரிய பாய்ச்சல்தான்.

பிரச்சினை 'மாரியோ பார்ட்டி' வடிவத்தில் வந்தது. அதில் சில குட்டி ஆட்டங்களில் ஸ்டிக்கை முடிந்த வேகத்தில் சுழற்ற வேண்டும். கட்டைவிரலால் சுழற்றினால் தோற்றுவிடுவோம் என்று பிள்ளைகள் சீக்கிரமே கண்டுகொண்டார்கள். உள்ளங்கையை ஸ்டிக் மேல் வைத்து அம்மிக் குழவி ஆட்டுவது மாதிரி ஆட்டினார்கள். தோல் உரிந்தது, கொப்புளம் வந்தது. பெற்றோர் புகார் கொடுக்க, விவகாரம் நியூயார்க் மாநில அரசு வழக்கறிஞர் அலுவலகம் வரை போனது. 2000-ஆம் ஆண்டில் நின்டெண்டோ ஒப்புக்கொண்ட தீர்வு என்ன தெரியுமா? கையுறை. அந்த ஆட்டத்தை வைத்திருக்கும் வீட்டுக்கு நான்கு வரை இலவசம். எல்லோரும் கேட்டால் 8 கோடி டாலர் வரை செலவாகலாம் என்று அன்றைக்குக் கணக்குச் சொன்னார்கள். வடிவமைத்தவர்களின் கற்பனைக் கை கட்டைவிரலால் மட்டும் ஆடியது. நிஜக் கை ஜெயிக்க எதையும் செய்யும் என்று அவர்கள் நினைத்துப் பார்க்கவில்லை.

சண்டைக்குக் காரணம்

இப்போது மேசைக்குத் திரும்பலாம். 1994-இல் சோனி முதல் பிளேஸ்டேஷனைக் கொண்டுவந்தபோது கன்ட்ரோலரை வடிவமைத்தவர் டெய்யூ கோதோ. இரண்டு பக்கமும் கீழ்நோக்கி நீளும் கைப்பிடிகள் அவருடையவை. சூப்பர் ஃபேமிகாமுக்குப் பழகியவர்களுக்கு இது அந்நியமாக இருக்குமே என்று நிறுவனத்துக்குள் தயக்கம் இருந்தது. தட்டையாகவே வைப்போம் என்றார்கள். தலைவர் நோரியோ ஓகா கைப்பிடி பக்கம் நின்றார். அவர் விமானம் ஓட்டத் தெரிந்தவர். பிடி எப்படியிருக்க வேண்டும் என்பது அவர் கைக்குத் தெரிந்திருந்தது.

முக்கோணம், வட்டம், பெருக்கல், சதுரம் என்ற குறிகளும் கோதோவின் யோசனைதான். முக்கோணம் பார்வைக் கோணம், சதுரம் ஒரு தாள், வட்டம் ஆம், பெருக்கல் இல்லை. ஜப்பானியப் பள்ளிக்கூடத்தில் சரியான விடைக்கு வட்டம் போடுவார்கள். நம் வாத்தியார்கள் சிவப்பு மையில் வட்டம் போட்டால் என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியும்! மேலை நாட்டு ஆட்டங்களில் கட்டைவிரலுக்குப் பக்கத்தில் இருக்கும் பெருக்கல் குறியே 'ஆம்' ஆகிவிட்டது. 2020-இல் பிளேஸ்டேஷன் 5 வந்தபோது ஜப்பானிலும் அதையே ஆக்கினார்கள். வட்டம் பிறந்த ஊரிலேயே தோற்றது.

அந்த முதல் கன்ட்ரோலரில் ஸ்டிக்கே கிடையாது. திசைக்கு இடது பக்கம் நாலாகப் பிரிந்து தெரியும் பட்டன்கள், வலது பக்கம் குறிகள், இரண்டும் கட்டைவிரல் இயல்பாகப் போய் உட்காரும் இடத்தில். 1997-இல்தான் இரண்டு ஸ்டிக்கைச் சேர்த்தார்கள், அதே ஆண்டு அதிரும் டுவல்ஷாக்கும் வந்தது. புது ஸ்டிக்குகளை எங்கே வைப்பது? நல்ல இடங்களில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது. கீழே, நடுவில் காலியிடம் இருந்தது. அங்கே வைத்தார்கள். பேருந்தில் கடைசியாக ஏறியவர் கிடைத்த இடத்தில் உட்கார்ந்த மாதிரி. 1999-இல் வந்த 'ஏப் எஸ்கேப்' இரண்டு ஸ்டிக்கும் இல்லாமல் ஆடவே முடியாத ஆட்டம். பிறகு பெரும்பாலான ஆட்டங்கள் ஸ்டிக்குக்கு மாறின. ஸ்டிக் மட்டும் இடம் மாறவில்லை. அதற்குள் கோடிக்கணக்கான கட்டைவிரல்கள் அங்கே போய்ப் பழகிவிட்டன.

மைக்ரோசாஃப்ட் 2001-இல்தான் களத்துக்கு வந்தது. அதற்குள் முப்பரிமாண ஆட்டங்களின் காலம் தொடங்கியாகிவிட்டது. இடது கட்டைவிரலுக்கு முதல் வேலை ஸ்டிக் என்பது தெளிவு. அதனால் நல்ல இடத்தை ஸ்டிக்குக்குக் கொடுத்துவிட்டுத் திசைப் பட்டனைக் கீழே தள்ளினார்கள். ஆக, நண்பர்கள் நடுராத்திரி வரை போடும் அந்தச் சண்டை உடற்கூறு பற்றியது என்பதைவிட, யார் எந்த ஆண்டு பேருந்தில் ஏறினார்கள் என்பதைப் பற்றியது. உங்கள் கை முதலில் எதில் பழகியதோ, அதுதான் உங்களுக்கு 'இயல்பு'.

ஆனால் அளவு விஷயத்தில் மைக்ரோசாஃப்ட் சறுக்கியது. உள்ளே போகிற சர்க்யூட் பலகை பெரிதாக முடிவாகிவிட்டிருந்தது, உறையை அதைச் சுற்றித்தான் கட்ட வேண்டியிருந்தது. 'ட்யூக்' என்று பெயர்பெற்ற அந்த முதல் எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் சின்னக் கைக்காரர்களின் கையில் சாப்பாட்டுத் தட்டு மாதிரி இருந்தது. ஜப்பானுக்கென்று சிறிய வடிவம் ஒன்று செய்தார்கள். வேலை நடக்கும்போது அதற்கு வைத்த பெயர் 'அகெபோனோ', ஜப்பானியச் சுமோவில் உச்சப் பட்டம் பெற்ற முதல் வெளிநாட்டில் பிறந்த வீரரின் பெயர். அந்தச் சின்னக் கன்ட்ரோலர் அமெரிக்காவுக்குத் திரும்பி வந்து ட்யூக்கைத் துரத்திவிட்டு அங்கேயும் நிலையானதாகிவிட்டது. ஜப்பானியர் கை சிறியது என்று நினைத்துச் செய்ததுதான். சிறிய கைகள் அமெரிக்காவிலும் இருந்தன, பெண்களிடம், சிறுவர்களிடம், எத்தனையோ ஆண்களிடமும். அவர்களை யாரும் அதுவரை அளக்கவில்லை, அவ்வளவுதான்.

பல் இல்லாமல் திறக்கும் பெட்டி

இதுவரை சொன்ன எல்லாக் கன்ட்ரோலருக்கும் பொதுவாக ஓர் அனுமானம் உண்டு. ஆடுகிறவருக்கு இரண்டு கை, பத்து விரல், அவை சொன்ன பேச்சைக் கேட்கும்.

1989-இலேயே நின்டெண்டோ 'ஹேண்ட்ஸ் ஃப்ரீ' என்ற கன்ட்ரோலரை விற்றது. மார்பில் கட்டிக்கொள்ள வேண்டும். திசைக்கு முகவாயால் தள்ளும் ஸ்டிக். பட்டனுக்கு ஒரு குழாய், உறிஞ்சினால் ஒன்று, ஊதினால் இன்னொன்று. கடைகளில் கிடைக்காது, நிறுவனத்திடம் நேராகச் சொல்லி வாங்க வேண்டும். அதற்குப் பிறகு பல ஆண்டுகள் உடல் குறைபாடுள்ளவர்களுக்கான கன்ட்ரோலர் என்பது பெரும்பாலும் தன்னார்வலர்களின் கைவேலையாகவே இருந்தது. யாரோ ஒருவர் தன் வீட்டுப் பட்டறையில் ஒரு கன்ட்ரோலரைப் பிரித்து, கம்பி இழுத்து, ஒரு தனி மனிதருக்காகச் செய்து கொடுப்பது. பொம்மை ரயில் மன்றத்துப் பெட்டிகளின் அதே மரபு.

2018-இல் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலரை வெளியிட்டது. ஏபிள்கேமர்ஸ், ஸ்பெஷல் எஃபெக்ட், வார்ஃபைட்டர் எங்கேஜ்டு போன்ற அமைப்புகளோடு சேர்ந்து உருவாக்கியது. வெள்ளையாக, தட்டையாக ஒரு பலகை. மேலே இரண்டு பெரிய வட்டப் பட்டன். உள்ளங்கையால் தட்டலாம், முழங்கையால் தட்டலாம், காலாலும் தட்டலாம். பின் விளிம்பில் வரிசையாக 19 துளைகள், ஒவ்வொன்றும் ஒரு பட்டனுக்கு. உங்களால் எது முடியுமோ, அந்த ஸ்விட்சைக் கொண்டுவந்து சொருகிக்கொள்ளலாம். கால் மிதி, தலைக்குப் பக்கத்தில் வைக்கும் ஸ்விட்ச், கன்னம் பட்டாலே வேலை செய்வது, எதுவானாலும். அது வரும் அட்டைப்பெட்டியைக்கூட யோசித்துச் செய்தார்கள். கையால் பிரிக்க முடியாதவர்கள் சாமான் பெட்டிகளைப் பல்லால்தான் கடித்துத் திறக்கிறார்கள் என்று தெரிந்தபோது, இதைத் திறக்கப் பல் தேவைப்படக் கூடாது என்று விதி வைத்தார்கள். இழுத்தால் வந்துவிடும் வளையங்கள் போட்டார்கள். 2023 கடைசியில் சோனியும் 'ஆக்சஸ்' என்ற கன்ட்ரோலரோடு வந்து சேர்ந்தது.

குறை இல்லாமல் இல்லை. வெளியானபோது பலகையின் விலை அமெரிக்காவில் 100 டாலர். வெளியிலிருந்து சொருகும் ஸ்விட்சுகளுக்குத் தனிச் செலவு, அதுவும் ஒன்றோடு முடியாது. மற்றவர்களுக்குக் கன்சோலோடு சும்மா வருவது, இவர்களுக்கு இரண்டு மூன்று மடங்கு செலவில் வருகிறது. எல்லாக் கைகளையும் அளக்க ஆரம்பித்திருக்கிறார்கள், கணக்கு இன்னும் நேராகவில்லை.

அந்த வெள்ளைப் பலகையின் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு 1958-இன் அலுமினியப் பெட்டி ஞாபகம் வரும். இரண்டும் தட்டை, இரண்டுக்கும் கைப்பிடி கிடையாது. முதலாவது, கை எப்படியிருக்கும் என்று யாரும் யோசிக்காததால் அப்படியிருந்தது. இரண்டாவது, கை இப்படித்தான் இருக்கும் என்று முடிவு கட்ட மறுத்ததால் அப்படியிருக்கிறது. இடைப்பட்ட அறுபது ஆண்டு முழுக்க வலி. முழங்கை, உள்ளங்கை, தசைநாண், கொப்புளம் என்று ஒவ்வொன்றாகப் பேசித்தான் வடிவங்களை மாற்றியிருக்கின்றன.

அதனால் அடுத்த முறை யாராவது "எந்தக் கன்ட்ரோலர் வாங்கலாம்?" என்று கேட்டால், நான் அம்சங்களின் பட்டியலைக் காட்டப்போவதில்லை. நண்பர் வீட்டில் இரண்டையும் அரை மணி நேரம் பிடித்து ஆடிப் பாருங்கள் என்பேன். எந்த விரல் முதலில் முணுமுணுக்கிறது என்று கவனியுங்கள். மேசை மேல் இருக்கும் இரண்டில் என் கை எதை எடுக்கும் என்று கேட்டால், சதுரமான செங்கல்லில் பழகிய கை இது. கூட்டல் குறி மேலே இருப்பதைத்தான் எடுக்கும். காரணம் அறிவியல் இல்லை. ஒரு பீச்சாங்கை தன் முதல் வேலையை அங்கேதான் கற்றுக்கொண்டது.